மூட்டைக்குள் போன படம்

குறிகாட்டுவான் இறங்குதுறையில் நான் உட்கார்ந்திருந்ததை யாரும் கண்டிருக்க மாட்டார்கள். படகு வர ஒரு மணித்தியாலம் இருந்தாலும் நின்றுகொண்டுதான் இருப்பேன். தேநீர்க் கடைக்குள் போவேன், பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு வெளியே வருவேன், கடலைப் பார்ப்பேன், மணிக்கூட்டைப் பார்ப்பேன், கண்ணில் படுகிற யாரிடமாவது எரிந்து விழுவேன். நெடுந்தீவில் பிறந்த ஒருத்திக்கு இந்தக் குணம் வாய்த்திருக்கக் கூடாது. அங்கே எல்லோரும் படகுக்குக் காத்திருந்தே வளர்ந்தவர்கள். எல்லோருக்கும் அது பழகிப் போனது, எனக்கு மட்டும் பழகவில்லை. கணினி வலையமைப்புப் படிக்கப் போனதே, எதையும் எங்கேயும் கண்மூடித் திறப்பதற்குள் அனுப்பிவிடலாம் என்று யாரோ சொன்னதை நம்பித்தான்.

அது சுத்தப் பொய் என்று தொழிலுக்கு வந்த முதல் மாதமே தெரிந்துவிட்டது. இந்த வேலையில் பாதி நேரம் திரையில் ஊர்ந்துகொண்டிருக்கும் ஒரு பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடிப்பதுதான். அப்படிக் கடித்த பொழுதுகளில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அன்றைக்கு ஒரு படம் நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர வேண்டியிருந்தது. என் அக்காவின் கணவருடைய நெஞ்சுத் துடிப்பைப் பதிந்த தாளின் படம். அது போய்ச் சேர்ந்தால்தான் அத்தானுக்கு ஊசி போடலாமா என்று அங்கிருக்கும் இதய வைத்தியர் சொல்வார். அந்தப் படத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது நான் செய்த பெட்டி.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுக்குழு நெடுந்தீவு முழுவதையும் ட்ரோன் பறக்கவிட்டுப் படமெடுத்துக்கொண்டிருந்தது. கடல் ஏறினால் எந்தக் கிணறு உவர்க்கும், எந்த நிலம் தாழும் என்று பார்ப்பதற்காக. ஒரு நாளில் எடுக்கும் படங்களே ஒரு மடிக்கணினிக்குள் கொள்ளாது. அன்றைய படங்கள் அன்றன்றே அவர்களிடம் போக வேண்டும், அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த நாள் எங்கே பறப்பது என்று சொல்வார்கள். அனுப்பும் வேலை என்னுடையது. நான் குடியிருப்பது ஊர்காவற்றுறையில். நெடுந்தீவில் அக்கா வீட்டு முற்றத்தில் ஒரு கம்பம் நட்டு, அதன் உச்சியில் அன்டெனா பூட்டி, கடலுக்கு மேலால் ஊர்காவற்றுறையிலுள்ள என் அறைக்கு ஓர் இணைப்பைப் போட்டேன்.

கம்பத்துக்குக் குழி தோண்டியவர் அத்தான். நெடுந்தீவு நிலத்தில் ஒரு முழம் தோண்டினால் கல். அலவாங்கால் மூன்று நாள் இடித்தார். அவருக்கு வேலை இறங்குதுறையில். எந்தச் சாமான் எந்தப் படகில் ஏறுவது, எது முதலில், எது பிறகு என்று பார்த்து ஏற்றிவிடுவது. அதை அவருக்குக் கொடுத்த சம்பளத்துக்கு யாரும் செய்யமாட்டார்கள். ஆனால் அவர் சொல்லை மீறி ஒரு சீமெந்துப் பையைக்கூட யாரும் முன்னால் நகர்த்தியதில்லை. நான் அவரோடு சண்டை பிடிக்காத நாள் குறைவு. சண்டை பிடித்தால் சிரிப்பார், அதுவே எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பும்.

"இவ்வளவு கஷ்டம் ஏன் பிள்ளை? எல்லாத்தையும் ஒரு பெட்டியில போட்டுத் தாரும். நாளைக்குக் காலமை ஏத்திவிடுறன்" என்றார், முதல் வாரத்திலேயே.

"நாளைக்கில்லை அத்தான், இண்டைக்குப் போகோணும்."

"இண்டைக்குப் போகுதோ?"

போகவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். முதல் இரண்டு வாரமும் படங்களை நெடுந்தீவிலிருந்து நேரே அந்த நாட்டுக்கு அனுப்பிப் பார்த்தேன். தரவு சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகும். கடலுக்கு மேலே வெயில் ஏறும்போதும், வற்றுப் பெருக்கு மாறும்போதும், அன்டெனா அனுப்பும் அலை கொஞ்சம் கலங்கும், ஒரு துண்டு தவறிவிடும். தவறியது என்னவோ எங்கள் வீட்டு வாசலில். அதைக் கண்டுபிடிப்பது உலகத்தின் மற்றப் பக்கத்தில் இருக்கும் கணினி. அது "எனக்கு இது வரவில்லை" என்று சொல்லியனுப்ப, அந்தச் செய்தி பாதி உலகம் சுற்றி நெடுந்தீவுக்கு வர, இங்கிருக்கும் கணினி பாதையில் நெருக்கடி என்று பயந்து தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள, திரும்ப மெல்ல மெல்ல வேகமெடுக்க, அதற்குள் இன்னொரு துண்டு தவற... ஆறு மணித்தியாலத்தில் போக வேண்டியது அடுத்த நாள் மத்தியானம் வரை இழுபடும். நான் முற்றத்துக்கும் மேசைக்கும் நடந்த நடையில் அக்காவுக்குத் தலை சுற்றியது.

"ஓரிடத்தில இரன்" என்பார்.

"நான் இருந்தால் மட்டும் படம் போயிடுமோ?"

பிறகுதான் வழியை மாற்றினேன். நடுவில் தேக்கி வைப்பது. எங்கள் தொழிலில் பஃபர் என்போம். நெடுந்தீவில் ஒரு பெட்டி, ஊர்காவற்றுறையில் ஒரு பெட்டி, இரண்டிலும் பெரிய வட்டுக்கள். நெடுந்தீவுப் பெட்டி கடலைத் தாண்டி ஊர்காவற்றுறைப் பெட்டியோடு மட்டும் பேசும். ஒரு துண்டு தவறினால் அதே நொடியில் பக்கத்திலிருந்தே திரும்பக் கொடுக்கும், பாதி உலகத்தைக் கேட்க வேண்டியதில்லை. ஊர்காவற்றுறைப் பெட்டி கிடைத்ததையெல்லாம் வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு, அங்கிருந்து கேபிள் வழியே தன் பாட்டுக்கு வெளிநாட்டுக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். கடல் கலங்கினால் இந்தப் பக்கம் தேங்கி நிற்கும், தெளிந்தால் ஓடும். அத்தான் மாடுகளுக்குக் கிணற்றடியில் தொட்டி கட்டி வைத்திருந்தார். மாடு வந்து நிற்கும்போது அவர் இறைப்பதில்லை. தனக்கு ஏலுமான நேரத்தில் இறைத்து நிரப்பிவிடுவார், மாடு தனக்குத் தாகமான நேரம் வந்து குடிக்கும். நான் செய்ததும் அவ்வளவுதான் என்று சொன்னபோது அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு வேகம் போதவில்லை. படங்களை ஒவ்வொன்றாக அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வணக்கம், ஒரு சுகம் விசாரிப்பு, ஒரு போய்வருகிறேன். ஆயிரக்கணக்கான படத்துக்கு ஆயிரக்கணக்கான வணக்கம். அதனால் வரிசையில் வந்து நிற்கும் கோப்புகளை நூற்றுக்கணக்கில் சேர்த்து ஒரு மூட்டையாகக் கட்டி, மூட்டைக்கு ஒரு முத்திரை வைத்து, முழு மூட்டையையும் ஒரேயடியாக அனுப்பும்படி எழுதினேன். மறுபக்கத்தில் மூட்டை முழுதாக வந்து, முத்திரை சரியாக இருந்தால்தான் அவிழ்க்கும். வேகம் மூன்று மடங்கானது. ஒரு படம்கூடத் தொலையவில்லை. ஆய்வுக்குழுவின் தலைவர் எனக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். அதை நான் அத்தானுக்கு இரண்டு முறை மொழிபெயர்த்து வாசித்துக் காட்டினேன். தலைக்கனம்தான், வேறென்ன.

அந்த நேரத்தில்தான் கிளினிக்காரர் வந்து கேட்டார்கள். ஊரவர்களும் வெளிநாட்டிலிருப்பவர்களும் சேர்ந்து நடத்திய சின்னக் கிளினிக். ஒரு இளம் வைத்தியர், ஒரு தாதி, நான்கு கட்டில். அவர்களுடைய இணையத் தொடுப்பு காற்றில் அறுந்து கிடந்தது, திருத்த ஆள் வர இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றார்கள். இதயத் துடிப்புத் தாள், காயங்களின் படம் என்று யாழ்ப்பாணத்துப் பெரிய வைத்தியர்களுக்கு அனுப்பிக் கேட்க வேண்டியவை அவர்களிடம் இருந்தன. நான் உடனே ஓம் என்றேன். என் கம்பத்திலிருந்து கிளினிக் கூரைக்கு ஒரு சின்ன அன்டெனா, அவர்களின் கணினியில் ஒரு கோப்புறை. அதில் போட்டால் என் பெட்டி எடுத்து ஊர்காவற்றுறைக்கு அனுப்பும், அங்கிருந்து யாழ்ப்பாணம் போகும், பதில் அதே வழியால் வரும். அவர்களுக்கென்று தனி வரிசை வைக்க அலுப்பு. என் படங்கள் நிற்கிற அதே வரிசையில் அவர்களுடையதையும் சேர்த்துவிட்டேன். ஒரு மத்தியானத்தில் முடிந்த வேலை. அந்த வைத்தியர் எனக்கு நெல்லிரசம் கரைத்துத் தந்தார்.

கம்பத்தில் ஏணி பிடித்துக்கொண்டு நின்ற அத்தான் கேட்டார்:

"அப்ப இதில ஆர் முன்னுக்குப் போறது?"

"வந்த வரிசைதான் அத்தான்."

"வருத்தக்காரர் வந்தால்?"

"இது படகில்லை. எல்லாம் ரெண்டு நிமிசத்தில போயிடும்."

"துறையில முதல் வருத்தக்காரர், பிறகு பிள்ளைத்தாய்ச்சி, பிறகு மீன், பிறகு ஆக்கள். சீமெந்து கடைசி. சீமெந்துக்காரன் முந்தி வந்தாலும் கடைசிதான்" என்றார். யாருக்கும் புத்தி சொல்லும் குரலில் அல்ல, தன் வேலையைப் பற்றிச் சும்மா சொன்னார். நான் ஆணியை வாயில் வைத்துக்கொண்டு ஏணியில் நின்றேன். சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அன்றைக்கு அது உண்மையாகவும் இருந்தது. வரிசையில் எதுவும் தேங்கி நிற்கவில்லை, கிளினிக்கின் படங்கள் போன வேகத்தில் பதில்கள் வந்துகொண்டிருந்தன.

ஐப்பசியில் காற்று மாறியது. மழைக்கு முன்னம் முடித்துவிட வேண்டும் என்று ஆய்வுக்குழு நான்கு நாள் விடாமல் பறந்து படமெடுத்துத் தள்ளியது. நான் அந்த வட்டுக்களைப் பெட்டியில் பூட்ட நெடுந்தீவு போனேன். போன அன்று பின்னேரமே கடல் கொந்தளித்துப் படகு நின்றது. அடுத்த நாள் தொலைபேசிக் கோபுரமும் நின்றது. யாரோடும் பேச முடியாது. தீவிலிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தது என் இணைப்பு ஒன்றுதான், அதுவும் மழையில் மெலிந்து நூலாக. பெட்டிக்குள் நான்கு நாள் படங்கள் மலையாகத் தேங்கிக் கிடந்தன. எனக்கு அதில் பெருமைதான். நேரே அனுப்பியிருந்தால் எப்போதோ அறுந்திருக்கும், என் பெட்டியோ விடாமல் மெல்ல மெல்ல மூட்டை மூட்டையாகத் தள்ளிக்கொண்டிருந்தது. படகில்லாமல் அடைபட்ட எரிச்சலில் நான் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் தன் பெண்பிள்ளைகள் இரண்டுக்கும் அக்கா வாங்கி வைத்திருந்த பிஸ்கட்டில் பாதியை நானே தின்று முடித்தேன்.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணியளவில் அத்தான் தொட்டியடியிலிருந்து திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தார். முகம் வேர்த்திருந்தது. நெஞ்சை இரண்டு பக்கமும் யாரோ நெரிப்பதுபோல இருக்கிறது என்றார். அக்கா பதறவில்லை. அயல்வீட்டு ஓட்டோவைக் கூப்பிட்டார். கிளினிக்கில் அவரைப் படுக்க வைத்து வயர்களை ஒட்டித் தாளை எடுத்தார்கள். வைத்தியர் தாளை நீண்ட நேரம் பார்த்தார்.

"மாரடைப்பு மாதிரித்தான் கிடக்கு. ஆனால் தெளிவில்லை" என்றார் என்னிடம், கொஞ்சம் ஒதுக்குப்புறமாக. "இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி ஒண்டு இஞ்ச இருக்கு. இவருக்குப் போன வருஷம் வயித்துப் புண் வெடிச்சு இரத்தம் போனதல்லோ. நான் போட்டு, அது திரும்ப வெடிச்சால் இந்தக் காத்துக்குள்ள ஒண்டும் செய்யேலாது. யாழ்ப்பாணத்துப் பெரியவரிட்டக் கேட்டிட்டுப் போடுறன் அக்கா."

"அனுப்புங்கோ. என்ர லைன் வேலை செய்யுது" என்றேன். எவ்வளவு நிமிர்ந்து சொன்னேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

அவர் தாளைப் படமெடுத்துக் கோப்புறையில் போட்டபோது பதினொன்று இருபத்தைந்து. நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். நோயாளர் படகைக் கூப்பிடும் செய்தியும் அதோடுதான் கோப்புறைக்குள் போயிருந்தது. வைத்தியர் நெற்றியைத் தடவினார். மழை வலுத்தது. நான் முதலில் மழையைத் திட்டினேன். பிறகு வெளியே போய்க் கூரையிலிருந்த சின்ன அன்டெனாவைப் பார்த்தேன், அது நேராகத்தான் நின்றது. திரும்பி உள்ளே வந்தேன். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு அக்காவின் கையைப் பிடித்திருந்தார். என்னைக் கண்டு, "நில்லும் பிள்ளை ஓரிடத்தில" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிளினிக்கின் படம் அன்டெனாவில் நிற்கவில்லை. என் வரிசையில் நிற்கிறது.

தாதியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு மழைக்குள் மிதித்தேன். பத்து நிமிடம். அக்கா வீட்டு அறையில் பெட்டியின் திரையைத் திறந்தேன். அத்தானின் படம் வரிசையில்கூட இல்லை. பதினொன்று இருபத்தாறுக்கே பெட்டி அதையும் படகு கேட்ட செய்தியையும் எடுத்து, வயலும் கிணறும் பனங்கூடலுமாக நானூற்றுச் சொச்சம் படங்களோடு சேர்த்து ஒரு மூட்டையாகக் கட்டி முத்திரை வைத்துவிட்டிருந்தது. மூட்டை பாதிக்கு மேல் போயிருந்தது. முழுதும் போனால்தான் மறுபக்கத்தில் அவிழும். அவிழ்க்காமல் ஒன்றை மட்டும் வெளியே எடுக்க வழியில்லை, நான்தான் வைக்கவில்லை.

இரண்டு வழி இருந்தது. மூட்டையை அப்படியே வெட்டி நிறுத்திவிட்டு, கிளினிக்குக்குத் திரும்ப மிதித்துப் போய், வைத்தியரைத் திரும்பப் படத்தைப் போடச் சொல்லித் தனியே அனுப்புவது. போக, போட, எல்லாம் சேர்த்துப் பதின்மூன்று நிமிடம் என்று கணக்குப் போட்டேன். அல்லது இந்த மூட்டை முடியும்வரை இருப்பது. திரை சொன்னது பன்னிரண்டு நிமிடம். பன்னிரண்டு பதின்மூன்றைவிடக் குறைவு. இருந்தேன்.

உட்காரவே தெரியாத நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் கழித்து மழை ஒரு சுவர்போல வந்து விழுந்தது. பச்சைக் கோடு நின்றது, திரும்ப நகர்ந்தது. இன்னும் பன்னிரண்டு நிமிடம் என்றது திரை. திரும்பக் கணக்குப் போட்டேன். பன்னிரண்டா, பதின்மூன்றா. இவ்வளவு நேரம் இருந்தாயிற்று, இப்போது வெட்டினால் போனதெல்லாம் வீண். இருந்தேன். இன்னும் எட்டு நிமிடம் கழித்துத் திரை பதினொன்று என்றது. படகு வரும் வரும் என்று துறையில் நிற்பவர் வரிசையை விட்டு வரமாட்டார், விட்டுப் போன நிமிடமே படகு வந்துவிடும் என்ற பயம். அந்தப் பயம் எனக்குள்ளும் இருந்திருக்கிறது. வாழ்நாளெல்லாம் பொறுமையில்லை என்று திட்டு வாங்கியவள் அன்று நாற்பது நிமிடத்துக்கு மேல் அசையாமல் பொறுமையாக இருந்தேன். முதலிலேயே வெட்டியிருந்தால் படம் பன்னிரண்டு மணியளவிலேயே போயிருக்கும்.

மூட்டை பன்னிரண்டு முப்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தது. முத்திரை சரி. ஒரு படமும் தொலையவில்லை. நான்கு நிமிடத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து பதில் வந்தது, ஊசியைப் போடுங்கள், உடனே. நான் சைக்கிளில் திரும்பிப் போனபோது வைத்தியர் ஊசியைப் போட்டு முடித்திருந்தார். அத்தான் என்னைப் பார்த்தார். ஒன்றரை மணிக்கு அவருடைய மூச்சு நின்றது. வைத்தியரும் தாதியும் அவருடைய நெஞ்சை அமத்தி அமத்தி, இரண்டு மணி வரை விடவில்லை. நோயாளர் படகு அந்தக் கடலையும் தாண்டி மூன்று மணிக்கு வந்தது. வந்தவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

பிள்ளைகள் அடுத்த நாள்தான் வந்து சேர முடிந்தது. செத்தவீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் அக்கா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்:

"என்ர தங்கச்சியின்ர லைன் இருந்தபடியாத்தான் படமெண்டாலும் போச்சு. டவரும் இல்லை, படகும் இல்லை. இவள் மழைக்குள்ள ஓடித் திரிஞ்சு அனுப்பினவள்."

சனம் என்னை மரியாதையாகப் பார்த்தது. ஒரு கிழவர் என் கையைப் பிடித்து, "நீர் செய்யக்கூடியதைச் செய்தனீர் பிள்ளை" என்றார். நான் பந்தலில் இருக்க முடியாமல் கிணற்றடிக்குப் போனேன், அங்கும் இருக்க முடியாமல் கடற்கரை வரை நடந்தேன், திரும்பி வந்தேன். என் மீது எனக்கு வந்த வெறுப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

பெட்டி எல்லாவற்றையும் குறித்து வைக்கும். எந்தக் கோப்பு எத்தனை மணிக்கு வந்தது, எந்த மூட்டைக்குள் போனது, எத்தனை மணிக்கு அக்கரை சேர்ந்தது. அந்த வரியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த அன்று மேசையில் உட்கார்ந்து கிளினிக்குக்குத் தனி வரிசை எழுதினேன். அதில் ஒன்று வந்தால் மற்றதெல்லாம் நின்றுவிட வேண்டும், மூட்டை கட்டக் கூடாது. எழுதி, சோதித்துப் பார்த்து முடிக்க ஒன்பது நிமிடம் எடுத்தது. பெரிய தொட்டி கட்டினால் தவறாது, தொலையாது என்பதை மட்டும் பார்த்தேன். தொட்டி பெரிதாகப் பெரிதாகக் கடைசியில் வந்து நிற்பவர் கூடுதலாகக் காத்து நிற்பார் என்பதைப் பாடமாகப் படித்தவள்தான் நான். பரீட்சைக்கு எழுதியும் இருக்கிறேன்.

கிளினிக் வைத்தியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு மணித்தியாலம் முந்திப் போட்டிருந்தால்?" என்றேன்.

"சொல்லேலாது அக்கா" என்றார். "தப்பியும் இருப்பார். புண் வெடிச்சும் இருக்கும். எனக்குத் தெரியாது." அவர் என்னைத் தேற்றவில்லை. அதற்காக இன்றும் அவர் மேல் எனக்கு மதிப்பு.

முப்பத்தோராம் நாள் கழிந்து, வந்தவர்கள் போய், பிள்ளைகளும் விடுதிக்குத் திரும்பிய பிறகு, அக்கா குசினியில் இரவல் வாங்கிய பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். எது எந்த வீட்டுக்கு என்று பார்த்து, துடைத்து, அடுக்கி வைத்தார். நான் வாசலில் நின்றேன்.

"அக்கா, அந்தப் படம் ஏன் சுணங்கினது தெரியுமோ?"

"மழையெண்டு சொன்னியே."

"மழை மட்டுமில்லை."

சொன்னேன். வரிசை, மூட்டை, முத்திரை, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது, பன்னிரண்டு, பதின்மூன்று, எல்லாம். விளங்காத சொல் வந்த இடங்களில் அவர் கேட்டார், நான் விளக்கினேன். கை துடைப்பதை நிறுத்தவில்லை.

"எவ்வளவு நேரம் உள்ளுக்க கிடந்தது?"

"ஒரு மணித்தியாலமும் பத்து நிமிசமும்."

"தனிய விட்டிருந்தால்?"

"அந்த மழைக்குள்ளயும் ஒரு நிமிசம்."

"அதோட போனதுகள் என்ன?"

"ட்ரோன் படங்கள். வயல், கிணறு."

"அதுகள் அவசரமோ?"

"இல்லை அக்கா."

அவர் கையிலிருந்த கிடாரத்தைக் கவிழ்த்து வைத்தார். அதன் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த கரியை நகத்தால் சுரண்டினார். நான் அழவில்லை, அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டி வருமே என்ற பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"பிள்ளையளுக்கு இதைச் சொல்லாதை" என்றார். "தகப்பனும் இல்லை. அதுகளுக்குச் சித்தி வேணும்."

"உங்களுக்கு?"

அக்கா என்னைப் பார்த்தார். அன்று சொல்லத் தொடங்கியதிலிருந்து அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தார்.

"எனக்கு என்ன வேணுமெண்டு நான் இன்னும் யோசிக்கேல்லை. நீ என்னை அவசரப்படுத்தாதை."

அதன் பிறகு பிள்ளைகள் வருகிற வெள்ளிக்கிழமைகளில் எல்லாம் நெடுந்தீவு போகிறேன். சித்தி என்று ஓடிவந்து என் பையைப் பறித்துக்கொள்கிறார்கள். அக்கா தேநீர் தருகிறார், பிட்டு அவிக்கிறார், படகு எத்தனை மணிக்கு என்று கேட்கிறார். நான் கதிரையில் உட்கார்ந்து குடித்து முடிக்கிறேன். தனக்கு என்ன வேண்டும் என்பதை அவர் இன்னும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.